மேட்டில் அம்மோனியம், பள்ளத்தில் வெறுமை: மலைக்காட்டு மண்ணில் ஈரம் செய்யும் வேலை

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மலைக்காட்டுச் சரிவு ஒன்றில் முகடு, நடுச்சரிவு, ஓடையோரப் பள்ளம் என மூன்று இடங்களில் மண் எடுத்திருக்கிறீர்கள். ஈரம் கூடக்கூட நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும், சருகு சீக்கிரம் மட்கும், சத்தும் கூடும் என்று எதிர்பார்த்தீர்கள். வந்ததோ வேறு. செடிகள் மண்ணிலிருந்து நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியம், நைட்ரேட் என்ற இரண்டு வடிவங்களில் எடுக்கும். எப்போதும் நனைந்திருக்கும் பள்ளத்தில் நைட்ரேட் ஏறத்தாழ இல்லவே இல்லை. இரண்டு வாரமாக மழை காணாத முகட்டில் அம்மோனியம் குவிந்து கிடக்கிறது. நடுச்சரிவில்தான் நைட்ரேட் அதிகம். "மண் ஈரம் சத்துச் சுழற்சியை எப்படிப் பாதிக்கிறது? என் அளவீடு தவறா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் உண்மையில் கேட்பது, ஈரம் ஏறினால் சத்தும் கூடவே ஏறும் என்ற கணக்கு செல்லுமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். செல்லாது. உங்கள் எண்களைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. மலைச்சரிவில் இப்படித்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அந்த எண்களை வைத்து நீங்கள் எடுத்த முடிவு ("பள்ளத்து மண் சத்தற்றது") அவசரப்பட்ட முடிவு. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நான் பல ஆண்டுகளாகக் காட்டு மண்ணில் நைட்ரஜன் எப்படி உருமாறுகிறது என்று பார்த்துவருபவன். நைட்ரஜன் பற்றிச் சொல்வதைக் கையால் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பாஸ்பரஸ் பற்றிச் சொல்வது பெரும்பாலும் படித்தறிந்தது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மண்ணில் தண்ணீர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கரைத்துச் சுமப்பது. சத்து, சர்க்கரை, நொதி எல்லாம் நீர்ப்படலம் வழியாகத்தான் நுண்ணுயிரையும் வேரையும் போய்ச் சேரும். இன்னொன்று, கதவடைப்பது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் நுண்துளைகளில் ஒன்று காற்று இருக்கும், இல்லையென்றால் நீர் இருக்கும். ஒரே துளையில் இரண்டும் நிரம்ப முடியாது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. எனவே மண் காயும்போது நுண்ணுயிருக்குச் சாப்பாடு வந்து சேராது. மண் நிரம்பும்போது மூச்சு வந்து சேராது. இரண்டுக்கும் நடுவே எங்கேயோதான் காற்றை நம்பும் நுண்ணுயிர்கள் மும்முரமாக இயங்கும். துளைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் நீரால் நிரம்பியிருக்கும் நிலைதான் அந்த இடம் என்று 1984இல் லின், டோரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது பயிர் நிலங்களை. காட்டு மண்ணில் இந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே நகரும், ஆனால் வளைவின் வடிவம் மாறாது. நேர்கோடு கிடையாது. ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் வளைவு அது.

இதை வைத்து உங்கள் முகட்டைப் பார்க்கலாம். மண் காயக் காய முதலில் பெரிய துளைகள் காலியாகும், பிறகு சிறியவை. மிஞ்சும் நீர் துகள்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை மெகாபாஸ்கல் என்ற அலகில் மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள்; மைனஸ் கூடக்கூட வறட்சி கூடுகிறது என்று பொருள். செடிகள் வாடும் எல்லை என்று பாடநூல்களில் சொல்வது மைனஸ் 1.5 மெகாபாஸ்கல். மரத்தின் வேர் திணறும் அந்த இடத்தில் நுண்ணுயிர்கள் நின்றுவிடுவதில்லை. பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, கனிம மண்ணில் (சருகுப் படுகைக்குக் கீழே உள்ள மண்ணில்) நுண்ணுயிர்களின் சுவாசம் ஏறக்குறைய நின்றுபோவது மைனஸ் 14 மெகாபாஸ்கல் அளவில்தான் என்று தெரியவந்தது. மேலே கிடக்கும் சருகில் அதையும் தாண்டி இன்னும் வறண்ட நிலை வரை சுவாசம் தொடர்கிறது. முக்கியமாக, எல்லா நுண்ணுயிரும் ஒரே நேரத்தில் ஓய்வெடுப்பதில்லை. பூஞ்சைகள் இழைகளை நீட்டிக் காற்றுத்துளையைக்கூடப் பாலம் போட்டுக் கடந்துவிடும். பாக்டீரியா தன் நீர்ப்படலத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

கரிமப் பொருளிலிருந்து அம்மோனியத்தை விடுவிக்கும் வேலையைப் பலவகை உயிரிகள் செய்கின்றன, அதனால் அது வறட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருக்கும். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் வேலையோ சில வகை உயிரிகளின் கையில் மட்டும் இருக்கிறது. அவற்றுக்கு அம்மோனியம் நீர் வழியாக வந்து சேர வேண்டும், தங்கள் உடலுக்குள்ளும் நீர் குறையக் கூடாது. ஆக, வறட்சியில் முதலில் நிற்பது நைட்ரேட் உற்பத்தி. வேரும் உறிஞ்சுவதைக் குறைத்திருக்கும். வரவு மெதுவாக இருக்கிறது, செலவு நின்றேவிட்டது. அம்மோனியம் குவியாமல் என்ன செய்யும்? உங்கள் முகட்டு எண்ணுக்கு இதுதான் பொருள். அங்கே சத்து வளமாக உற்பத்தியாகிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. உற்பத்தியான கொஞ்சமும் நகர வழியில்லாமல் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நீங்கள் அளந்தது இருப்பு. நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பியது ஓட்டம். ஏரியில் நீர்மட்டம் இரண்டடி என்றால், வரத்து எவ்வளவு, மதகு வழியாகப் போவது எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நைட்ரேட் குறைவாக இருப்பதற்குக் குறைந்தது நான்கு காரணம் இருக்கலாம்: அது உருவாகவே இல்லை, உருவாகி வாயுவாகப் போய்விட்டது, நீரோடு கீழே இறங்கிவிட்டது, அல்லது உருவான உடனேயே வேரும் நுண்ணுயிரும் அள்ளிக்கொண்டுவிட்டன. கடைசிக் காரணம் என்றால் அந்த மண் ஏழை இல்லை, மிகச் சுறுசுறுப்பான மண்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மலைகளில் உள்ள ஹப்பர்டு புரூக் காட்டில் லைகன்ஸ், போர்மன் ஆகியோரின் குழு 1960களில் செய்த சோதனை. அந்தக் காட்டு ஓடைகளில் நைட்ரேட் மிகக் குறைவு. 1965 இறுதியில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து அங்கேயே விட்டுவிட்டு, களைக்கொல்லி தெளித்து மூன்று ஆண்டுகள் எதுவும் முளைக்கவிடாமல் தடுத்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட் பல பத்து மடங்கு உயர்ந்து, குடிநீருக்கான வரம்பையே தாண்டியது. அத்தனை நைட்ரஜனும் திடீரென்று வானத்திலிருந்து வரவில்லை. மரங்கள் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருந்ததால் கண்ணில் படாமல் இருந்தது. அதில் ஈரத்துக்கும் பங்கு உண்டு: நீரை இறைத்து வெளியேற்ற மரம் இல்லாததால் கோடையிலும் மண் நனைந்திருந்தது, வெயில் நேராக விழுந்ததால் சூடேறியது, நைட்ரேட் உற்பத்திக்கு அதைவிட வசதி வேறில்லை, உருவானதைச் சுமந்து கீழே போகவும் கூடுதல் நீர் ஓடியது. ஈரம் சத்தை உண்டாக்கவும் செய்கிறது, கொண்டுபோகவும் செய்கிறது. இரண்டில் எது மிஞ்சும் என்பதை நடுவே நிற்கும் வேர் தீர்மானிக்கிறது.

பள்ளத்துக்கு வருகிறேன். நீங்கள் ஈரத்தை எடைச் சதவீதமாகக் கொடுத்திருக்கிறீர்கள், அதாவது 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திக் கணக்கிட்டது. முறை சரி, ஆனால் சரிவின் வெவ்வேறு இடங்களை ஒப்பிட அந்த எண் உதவாது. ஒரு உதாரணம் பாருங்கள். மட்கு நிறைந்த, பொலபொலப்பான மண்ணின் பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்ந்த மண்ணின் எடை) கன செ.மீ.க்கு 0.7 கிராம் என்று வையுங்கள், எடைப்படி ஈரம் 50 சதவீதம். கன அளவில் அது 35 சதவீதம். கனிமத் துகளின் அடர்த்தியை 2.65 என்று எடுத்துக்கொண்டால் அந்த மண்ணில் துளை இடம் ஏறத்தாழ 74 சதவீதம். ஆக, துளைகளில் பாதிகூட நிரம்பவில்லை, 48 சதவீதம்தான். இன்னொரு மண், இறுகிய களிப்பாங்கானது, பரும அடர்த்தி 1.2, எடைப்படி ஈரம் வெறும் 30 சதவீதம். கன அளவில் 36 சதவீதம், துளை இடம் 55 சதவீதம், நிரம்பியது 66 சதவீதம். எடைக்கணக்கில் "காய்ந்ததாக" தெரியும் மண்தான் மூச்சுத்திணறலுக்கு நெருக்கமாக இருக்கிறது. மட்கு மிக அதிகமென்றால் 2.65 என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கல் கலந்த மண்ணில் கல்லைக் கழித்துக் கணக்கிட வேண்டும். மலை மண்ணில் இதை விட்டுவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

துளைகள் அந்த 60 சதவீதத்தைத் தாண்டி நிரம்பத் தொடங்கியதும், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டையே சுவாசத்துக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். நைட்ரேட் படிப்படியாக நைட்ரஸ் ஆக்சைடாகவும், இன்னும் நனைந்தால் நைட்ரஜன் வாயுவாகவும் மாறிக் காற்றில் போய்விடும். ஒரு ஓட்டைக் குழாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று ஃபயர்ஸ்டோன், டேவிட்சன் இருவரும் 1989இல் சொன்ன உவமை இன்றும் பயன்படுகிறது: குழாயில் எவ்வளவு நைட்ரஜன் ஓடுகிறது என்பது ஒன்று, குழாயில் ஓட்டை எவ்வளவு பெரியது என்பது இன்னொன்று. ஈரம் முக்கியமாக ஓட்டையின் அளவை மாற்றுகிறது, எந்த வாயு கசிகிறது என்பதையும் மாற்றுகிறது. காய்ந்த பக்கம் நைட்ரிக் ஆக்சைடு, நடுவில் நைட்ரஸ் ஆக்சைடு, முழுதாக நனைந்தால் நைட்ரஜன் வாயு.

உங்கள் பள்ளத்தில் உருவான நைட்ரேட் வாயுவாகப் போகிறதா, அல்லது நைட்ரேட் உருவாவதே அபூர்வமா என்று உங்களிடம் இருக்கும் எண்களை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் லுகியோ மலைகளின் ஈரக்காட்டு மண்ணில் நைட்ரஜன் ஐசோடோப்பை (எடை சற்றே வேறான நைட்ரஜன் அணுவை) அடையாளமாக வைத்துத் தேடியபோது, நைட்ரேட்டில் கணிசமான பகுதி மறுபடி அம்மோனியமாகவே திரும்பியதைக் கண்டார்கள். அது வாயுவாக இழந்ததைவிட அதிகமாக இருந்தது. அம்மோனியம் களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு எளிதில் அடித்துப்போகாது. அப்படி நடக்கும் மண்ணில் ஈரம் நைட்ரஜனை இழக்கவைப்பதற்குப் பதில் காப்பாற்றிக் கொடுக்கிறது. எல்லா மலைக்காட்டிலும் இது இதே அளவில் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இரும்பும் கரிமப் பொருளும் நிறைந்த, அடிக்கடி நனைந்து காயும் மண்ணில் எதிர்பார்க்கலாம்.

ஈரம் மிகுந்தால் காட்டின் வளர்ச்சியே குறையும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. ஹவாயின் மாவி தீவில் எரிமலைச் சரிவில் உள்ள மலைக்காடுகளில் ஷூர், மாட்சன் ஆகியோர் செய்த ஆய்வு அது. ஒரே வகைப் பாறை, ஒத்த வெப்பநிலை, ஒரே மரவகை ஆதிக்கம்; ஆண்டு மழை மட்டும் சுமார் 2,000 மி.மீ.இலிருந்து சுமார் 5,000 மி.மீ. வரை மாறுகிற இடங்களைத் தேடிப்பிடித்தார்கள். மழை கூடக்கூட சருகு மட்குவது மந்தமானது, மரங்களுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் குறைந்தது, காட்டின் ஆண்டு வளர்ச்சி ஏறக்குறைய பாதியானது. மலையில் வெப்பத்தையும் ஈரத்தையும் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம், ஏனென்றால் உயரம் ஏறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். அந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணமே அதைப் பிரித்துக்காட்டியதுதான். உங்கள் சரிவில் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் குறைவு என்பதால் நீங்களும் அந்த வகையில் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

பாஸ்பரஸ் கதை வேறு. வேரைச் சுற்றி ஒருசில மி.மீ. தூரத்திலிருந்து மட்டுமே அது நகர்ந்து வரும், அதுவும் மண் நீரில் மெல்லப் பரவி. மண் காய்ந்தால் அந்தப் பாதை வளைந்து வளைந்து நீண்டுவிடும். மண்ணில் பாஸ்பரஸ் இருந்தும் மரத்துக்குக் கிடைக்காது. வேரோடு சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சைகள் அந்த இடைவெளியை ஓரளவு கடந்து கொடுக்கின்றன. ஈரப் பக்கத்தில் நடப்பது இன்னும் சுவையானது. மலைக்காட்டு மண்ணில் பெரும்பகுதி பாஸ்பரஸ் இரும்பு ஆக்சைடோடு கட்டுண்டு கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் சில பாக்டீரியாக்கள் இரும்பையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி அதைக் கரைத்துவிடும், கூடவே பாஸ்பரஸும் விடுபடும். மண் மறுபடி காற்றோட்டம் பெற்றதும் இரும்பு திரும்பத் துருவாகப் படிந்து பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். இந்த வேதியியல் உறுதியானது. விடுபட்ட அந்தச் சிறு இடைவேளையில் மரம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இதைப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. அடுத்த முறை பள்ளத்தில் ஒரு மண்கட்டியை எடுத்துக் கையாலேயே மெதுவாகப் பிளந்து பாருங்கள், கத்தி போட்டு வெட்டாதீர்கள். வெளிப்புறமும் வேர் போன தடமும் செம்மஞ்சளாக இருக்கும். கட்டியின் நடுவில் சாம்பல் நிறம் அல்லது வெளிறிய நீலச்சாயல் தெரியும். செம்மஞ்சள் என்றால் அங்கே காற்று வந்துபோகிறது. சாம்பல் என்றால் இரும்பு கரைந்துபோன இடம். விரல் கனமே உள்ள ஒரு கட்டிக்குள் வெளியே நைட்ரேட் உருவாவதும், உள்ளே அது அழிவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சராசரி ஈர எண் எதுவும் இதைச் சொல்லாது. நான் மண் பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் முதலில் செய்வது இதுதான். அளவு எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இந்த நிறங்களைப் பார்த்துத்தான்.

முகட்டில் மழை பெய்த பிறகு மறுபடி அளந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அளந்திருந்தால் ஒரு பெரிய பாய்ச்சலைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மண் நனைந்ததும் சில மணி நேரத்துக்குள் கார்பன் டை ஆக்சைடும், அடுத்த நாட்களில் கனிம நைட்ரஜனும் (அம்மோனியமும் நைட்ரேட்டும்) துள்ளி எழும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை விரிவாக ஆராய்ந்து 1958இல் எழுதிய பர்ச் பெயராலேயே இது பர்ச் விளைவு எனப்படுகிறது. இப்படி ஒரு துள்ளல் உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்பதில் உண்டு. வறட்சியைத் தாங்க நுண்ணுயிர்கள் அமினோ அமிலம் போன்றவற்றை உடலுக்குள் சேர்த்துவைத்து, நனைந்ததும் வெடிக்காமல் இருக்க அவற்றை வெளியே கொட்டுகின்றன என்பது ஒரு விளக்கம். வறட்சியில் இறந்த நுண்ணுயிர்களின் உடல்கள்தான் மூலம் என்பது இன்னொன்று. மண்கட்டிகள் உடைந்து உள்ளே பூட்டிக்கிடந்த கரிமப் பொருள் வெளிப்படுகிறது என்பது மூன்றாவது. முதல் விளக்கம் நீண்ட காலம் பாடமாகவே சொல்லப்பட்டது. ஆனால் திறந்தவெளியில் மெல்ல மெல்லக் காயும் மண்ணில் அப்படிச் சேர்த்துவைப்பது தெரியவில்லை என்று பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. மூன்றும் கலந்துதான் நடக்கிறது, மண்ணைப் பொறுத்து விகிதம் மாறுகிறது என்பது என் கருத்து.

இந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டு "வறட்சி மண்ணுக்கு நல்லது, சத்தை விடுவிக்கிறது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. போர்க்கன், மாட்ஸ்னர் இருவரும் 2009இல் இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு எளிய கணக்கைப் போட்டார்கள்: காய்ந்து கிடந்த நாட்களில் நடக்காமல் போன மட்குதலையும் கணக்கில் சேர்த்தால், நனைந்த பிறகு வரும் துள்ளல் பொதுவாக அந்த இழப்பை ஈடுசெய்வதில்லை. ஆய்வகத்தில் மண்ணைச் சல்லடையில் சலித்து, எலும்பு போல உலர்த்தி, ஒரே மூச்சில் நனைத்தால் துள்ளல் பிரமாதமாக இருக்கும். காட்டில் அப்படி நடப்பதில்லை. அதிலும் நன்றாகக் காய்ந்த சருகுப் படுகை நீரையே தள்ளிவிடும். ஒருமுறை நல்ல மழை ஓய்ந்த கையோடு ஊசியிலைக் காட்டில் சருகைக் கிளறிப் பார்த்தேன். மேலே ஒரு விரல்கடை நனைந்திருந்தது, அதன் கீழே மாவு போல உலர்ந்த தூள், அதற்கும் கீழே கனிம மண் சில கோடுகளில் மட்டும் ஈரமாக இருந்தது. நீர் படுகை முழுக்க ஊறாமல், வேர்த்தடங்களையும் விரிசல்களையும் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே போயிருந்தது. அந்தக் கோடுகளுக்கு வெளியே இருந்த மண்ணைப் பொறுத்தவரை மழையே பெய்யவில்லை.

இதனால்தான் மலைச்சரிவைச் சமவெளி போல நினைக்கக் கூடாது. சரிவில் நீர் கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை, பாறைக்கு மேலே பக்கவாட்டிலும் நழுவி ஓடும். முகட்டில் கரைந்த நைட்ரேட்டும் கால்சியமும் நடுச்சரிவுக்கும் பள்ளத்துக்கும் வந்துசேரும். உங்கள் நடுச்சரிவில் நைட்ரேட் அதிகம் என்பதற்கு அங்கே காற்றும் ஈரமும் சமநிலையில் இருப்பது ஒரு காரணம் என்றால், மேலிருந்து வருவது இன்னொரு காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே அளவீட்டில் பிரிக்க வழியில்லை. வெயில் படும் முகமும் படாத முகமும் ஒரே மலையில் இரண்டு காலநிலை போல நடந்துகொள்ளும். மண்ணின் கனமும் முக்கியம்: பாறைக்கு மேல் 20 செ.மீ. மண் உள்ள இடம் இரண்டு நாளில் காய்ந்துவிடும், ஒரு மீட்டர் மண் உள்ள இடம் வாரக்கணக்கில் தாங்கும். மேகம் தவழும் உயரங்களில் மழைமானி காட்டாத நீரை மர இலைகள் மூடுபனியிலிருந்து வடித்துக் கீழே சொட்டவிடும். பொட்டாசியம் அந்தச் சொட்டு நீரிலேயே இலையிலிருந்து கரைந்து இறங்கிவிடும். கால்சியம் செல்சுவரோடு பிணைந்திருப்பதால் சருகு மட்கும்வரை காத்திருக்கும். ஆகவே ஈரத்துக்கு உடனே பதில் சொல்வது பொட்டாசியம், தாமதமாகச் சொல்வது கால்சியம்.

பனி பெய்யும் மலை என்றால் இன்னொரு விஷயம் சேரும். தடித்த பனிப்போர்வைக்கு அடியில் மண் உறையாமல் ஈரமாகவே இருக்கும், நுண்ணுயிர்கள் குளிர்காலம் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும். ஹப்பர்டு புரூக்கில் குளிர்காலத் தொடக்கத்தில் பனியை வாரி அகற்றிப் பார்த்தார்கள். போர்வை போனதால் மண் உறைந்தது, நுண்வேர்கள் செத்தன, பிறகு நைட்ரேட் கசிவு கூடியது. பனி குறைந்தால் மண் வெதுவெதுப்பாகும் என்று நினைப்போம், நடந்தது நேர்மாறு.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. முதலில் மூன்று இடத்திலும் பரும அடர்த்தியும் கல் அளவும் எடுத்து, ஈரத்தை "துளைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியது" என்று மாற்றுங்கள். சருகுப் படுகையையும் கனிம மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டும் வேறுவேறு உலகம். இருப்பை மட்டும் அளக்காமல், மண்ணை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி அதே குழியில் புதைத்து ஒரு மாதம் கழித்து எடுங்கள். பை வழியாகக் காற்று போய்வரும், நீர் போகாது, வேரும் நுழையாது. தொடக்க இருப்புக்கும் முடிவு இருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மண்ணின் நிகர உற்பத்தி. ஆனால் பைக்குள் ஈரம் புதைத்த நாளின் அளவிலேயே நின்றுவிடும், வெளியே மண் நனைந்து காய்வது உள்ளே நடக்காது. ஈரத்தைப் பற்றிய ஆய்வில் அது சிறிய குறை இல்லை. அதனால் அயனிப் பிசின் (கரைந்து வரும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் பிடித்துவைக்கும் சிறு மணிகள்) நிரப்பிய பைகளையும் பக்கத்திலேயே புதைத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்வேன்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மண்ணை எடுத்த அன்றே பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போட்டுச் சத்தைப் பிரித்தெடுங்கள், முடியாவிட்டால் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள். காட்டிலிருந்து வந்த மண் பைக்குள்ளும் உயிரோடுதான் இருக்கும். வேரை அறுத்துவிட்டோம், கலக்கிக் காற்றும் கொடுத்துவிட்டோம். அறை வெப்பத்தில் இரண்டு நாள் கிடந்தால் காட்டில் இல்லாத நைட்ரேட் பையில் உருவாகிவிடும். உங்கள் நடுச்சரிவு மாதிரிகள் மட்டும் கடைசியாகப் பிரித்தெடுக்கப்பட்டவையா என்று குறிப்பேட்டைப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த உயர்ந்த எண்ணை நம்ப வேண்டாம்.

கடைசியாக, ஒரே நாள் அளவீட்டோடு நிறுத்தாதீர்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, நனைந்த மறுநாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று ஒரே குழிக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எடுங்கள். பத்து இடத்தில் ஒருமுறை எடுப்பதைவிட மூன்று இடத்தில் ஐந்துமுறை எடுப்பது இந்தக் கேள்விக்கு அதிகம் பயன்படும். முகட்டில் குவிந்த அம்மோனியம் மழைக்குப் பிறகு எத்தனை நாளில் கரைகிறது, அதே நாட்களில் நடுச்சரிவில் நைட்ரேட் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த எண்கள் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், கட்டியைப் பிளந்து பார்த்த நிறங்களையும் சேர்த்து எழுதுங்கள். மேலே நான் "இருக்கலாம்" என்று எழுதிய இடங்களில் பாதியையாவது அவற்றை வைத்துத் தீர்க்க முடியும்.